கட்டிலுக்கடியில் நூற்றியொரு அதிரசம்

எங்கள் பவானிபூர் வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒரு மாதக் காலண்டர் தொங்கும். வங்காளப் புத்தாண்டன்று மிட்டாய்க் கடைக்காரர் கொடுப்பது. என் மாமியார் அதில் பென்சிலால் குறி போடுவார். பால் வராத நாளுக்குப் பெருக்கல் குறி, காஸ் மாற்றிய நாளுக்கு வட்டம், எனக்குப் புள்ளி. அந்தப் புள்ளி நான் 'ஆத்துல இல்லாமல்' போகும் நாள். மாதவிடாய்க்கு எங்கள் வீட்டில் அதுதான் பெயர். ஹாலின் ஓரத்தில் தனித் தட்டும் தனிப் பாயுமாக நான் உட்கார்ந்திருப்பேன். இரண்டடி தள்ளி நின்றுகொண்டு மாமியார் போனில், "அவ ஆத்துல இல்லே" என்பார். எதிர்முனையில் இருப்பவர்களும் எங்கே போயிருக்கிறாள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அந்த மாதப் புள்ளியை வைத்துவிட்டு, அடுத்தது எங்கே விழும் என்று விரல்விட்டு எண்ணி, அங்கேயும் லேசாக ஒன்று வைப்பார். மழை வருமா என்று சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிறவர்கள் வந்து அவரிடம் கற்றுக்கொண்டு போகலாம். என் தேதி எனக்கு மறந்துபோகும், அவருக்கு மறக்காது. சுமங்கலிப் பிரார்த்தனையா, சத்யநாராயண பூஜையா, எதுவானாலும் முதலில் பஞ்சாங்கம், அடுத்தது என் புள்ளி. ராகுகாலத்துக்கு இருக்கும் மரியாதை எனக்கும் இருந்தது.

ஆனால் அந்தக் காலண்டரில் புள்ளிக்கு முந்தைய ஐந்து நாளுக்கு ஒரு குறியும் கிடையாது. என் பிழைப்பே அந்த ஐந்து நாளில்தான் நாறியது.

அதைப் பசி என்று சொல்வது சும்மா மரியாதைக்கு. பகல் பதினொன்றரைக்கு சாம்பார், கறி, ரசம், மோர் என்று நாலு வாய்ச் சாதம் கூடவே சாப்பிட்டுவிட்டு எழுந்திருப்பேன். கை கழுவும்போதே, வீட்டில் வேறு என்ன இருக்கிறது என்று மனம் அலமாரி அலமாரியாகத் தேட ஆரம்பிக்கும். முதல் இரண்டு நாள் புளிப்பு. மெட்ரோ வாசலில் புச்கா, அதாவது பானிபூரி, விற்கிறவன் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே புளித்தண்ணீரைக் கலக்க ஆரம்பித்துவிடுவான். அடுத்து எண்ணெயில் பொரித்தது. சுடச்சுடக் கத்தரிக்காய் பஜ்ஜியும், தொட்டுக்கொள்ளக் கடுகுச் சட்னியும். கடைசி இரண்டு நாள் இனிப்பு. அப்போது என்னைச் சர்க்கரை டப்பாவோடு தனியே விடக் கூடாது. இடையில் டிவியில் பற்பசை விளம்பரத்தைப் பார்த்துவிட்டு ஒரு பாட்டம் அழுதுகொள்வேன்.

நான் பிளஸ் டூவோடு நின்றவள். திருச்சியிலிருந்து வாழ்க்கைப்பட்டு இந்த ஊருக்கு வந்தேன். மற்றதெல்லாம் பஸ்ஸிலும் காய்கறிக் கடையிலும் காதைக் கொடுத்துக் கற்றதுதான். யார் எதைச் சொன்னாலும் அப்படியே மனசில் போட்டு வைத்துக்கொள்கிற பழக்கம் எனக்கு உண்டு. அதனால் இந்தப் பசியைப் பற்றியும் நாலு பேரிடம் கேட்டு வைத்திருந்தேன். கீழ்வீட்டு வங்காளி அண்ணி, பௌதி என்று கூப்பிடுவோம், யோசிக்காமல் சொன்னாள், "கேஸ்." இந்த ஊரில் தலைவலி, மூட்டுவலி, பிள்ளைக்குக் கணக்கு வராதது எல்லாவற்றுக்கும் காரணம் வயிற்றில் சேரும் கேஸ்தான். ஒரு மஞ்சள் மாத்திரை தந்தாள். அதையும் தின்றேன், மேலே இரண்டு சந்தேஷ் மிட்டாயும் தின்றேன். என் கணவரிடம் சொன்னேன். எல்லாம் மனசுதான், மனசைக் கட்டுப்படுத்தினால் வயிறு கட்டுப்படும் என்றார். தினமும் ஆபீஸ் விட்டு வரும் வழியில் ஒரு எக் ரோல் தின்றுவிட்டு, அந்த வாசனை போக ஒரு பிடி சோம்பை மென்றுகொண்டு படியேறுகிற மனிதர் அவர். அவர் பசிக்குத் தேதி கிடையாது. அதனால் யாரும் குறித்து வைப்பதும் இல்லை.

அவருடைய கொள்ளுத்தாத்தா ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தாவாக இந்த ஊருக்கு வந்தவர். நாலு தலைமுறை ஆகிவிட்டது. என் கணவர் கனவு காண்பது வங்காளியில், டாக்சிக்காரரோடு சண்டை போடுவது இந்தியில். தமிழ், சாப்பாடு கேட்பதற்கு. ஆனால் சாஸ்திரங்களில் ஒன்றுகூட ஹூக்ளி ஆற்றில் விழவில்லை. எல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்து, எங்கள் மூன்றாம் மாடியில் குடியிருந்தன.

அப்படியானால் பசித்தால் கேட்டு வாங்கிச் சாப்பிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். கேட்டுப் பார்த்தேன். கல்யாணமான முதல் வருஷம், ஒரு மத்தியானம், புளிப்பாக ஏதாவது இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேட்டேன். மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்தார். உடனே செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய், ஒரு பெரிய ஜாடி நிறைய இலந்தை ஊறுகாய் வாங்கிவந்து என் பக்கத்தில் வைத்தார். வெயிலில் நடந்த முகம் அப்படியே மலர்ந்திருந்தது. சாயங்காலம் மயிலாப்பூரில் இருக்கும் தன் தங்கைக்குப் போன் போட்டு, இப்போதைக்கு யார்கிட்டேயும் சொல்லாதே என்றார். மூன்றாம் நாள் காலை நான் ஹாலின் ஓரத்துக்குப் போய் உட்கார்ந்தேன். ஊறுகாய் ஜாடி பீரோவின் உச்சிக்குப் போய்விட்டது. அதற்கு எனக்கு அருகதை இல்லாமல் போயிற்று.

திட்டவில்லை. அன்று அவர் ரசம் மட்டும் வைத்தார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் திருப்பிக் கேட்டிருப்பேன். நான் வாய் திறந்து எதைக் கேட்டாலும் அந்த முகம் மலர்ந்து, மூன்றாம் நாள் சுருங்கும். இரண்டு மாதம் பார்த்தேன். அதற்கப்புறம் ஒளித்துத் தின்பது என்று முடிவு செய்தேன். நாலு வருஷத்தில் அதில் எனக்கு நல்ல கைப்பழக்கம் வந்துவிட்டது. தின்பதற்கான நேரம் மத்தியானம் இரண்டரையிலிருந்து நாலு. இந்த ஊரில் அந்த நேரத்தில் மனிதர், நாய், ரிக்‌ஷா எல்லாம் தூங்கும். மாமியாரும் வெற்றிலையைத் துப்பிவிட்டுத் தூங்குவார்.

இப்படி இருக்கும்போது என் நாத்தனாருக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஐ.டி. கம்பெனியில் வேலை, இருபத்தெட்டு வயது, தமிழைவிட வங்காளி சரளமாக வரும். மாப்பிள்ளை வீடு சாந்த்ராகாச்சியில். அப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு தலைமுறையே ரயிலை நேரத்துக்கு விட்டுப் பழகிய குடும்பம், எல்லாம் கணக்காக இருக்க வேண்டும் என்று முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டார்கள். தை மாதத்தில் மூன்று முகூர்த்தம் கிடைத்தது. மாமியார் காலண்டர் முன்னால் நின்று கணக்குப் போட்டு, என் புள்ளி எட்டு நாள் முன்னதாக விழுகிற மாதிரி ஒரு முகூர்த்தத்தைப் பிடித்தார். கல்யாணத்தன்று நான் ஆத்தில் இருப்பேன். அவருக்கு ஏகத் திருப்தி.

அதே கணக்கில் சீர் பட்சணமும் முன்கூட்டியே வந்து இறங்கியது. லேக் மார்க்கெட் பக்கத்தில் ஒரு மாமி செய்து தருவார். அதிரசம், கைமுறுக்கு, லட்டு, மைசூர்பாகு, தேங்குழல், ஒவ்வொன்றும் நூற்றியொன்று. ஐந்து பெரிய டின். சீர் எப்போதும் ஒற்றைப்படையில்தான் போக வேண்டும். இரட்டைப்படையில் போனால் மங்களமில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அந்த மாமி இந்த ஊர்க்காரி ஆகிவிட்டபடியால், அதிரசத்தைக் குளிர்காலத்துப் புது ஈச்சவெல்லத்தில் செய்திருந்தார். வங்காளிகள் நோலென் குர் என்று உருகுவார்களே, அதுதான். டின் மூடியை இறுக்கி மூடினாலும் அந்த வாசனை மூடியைப் பொருட்படுத்தவில்லை.

டின்களை எங்கே வைப்பது என்று யோசனை நடந்தது. சமையலறையில் எறும்பு. பூஜை அறையில் புடவைப் பெட்டிகள். என் அறைக் கட்டிலுக்கடியில் இடம் இருந்தது. நான்கு கட்டில் கால்களுக்கும் தண்ணீர்க் கிண்ணம் வைத்து, நடுவே டின்களைத் தள்ளி, "இங்கே ஒரு எறும்பு வர முடியாது" என்றார் மாமியார். அன்றைக்குப் புள்ளிக்கு ஐந்து நாள் இருந்தது. எறும்பு வரவில்லை, உண்மைதான்.

முதல் நாள் மத்தியானம் வாசனை பார்க்க மட்டும் டின்னைத் திறந்தேன். புளிப்பு நாளாக இருந்தும் ஒரு அதிரசத்தை எடுத்துக் கடித்தேன். ஓரத்தில் மொறுமொறு, நடுவில் மெத்தென்று, நாக்கில் புகை மாதிரி ஒரு வெல்ல மணம். தின்று முடித்த பிறகுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நூறு. இரட்டைப்படை. என் நாத்தனார் கல்யாணத்துக்கு நான் அமங்கலம் செய்துவிட்டேன். உடனே இன்னொன்றையும் எடுத்துத் தின்று கணக்கைச் சரிசெய்தேன். தொண்ணூற்றொன்பது. சாஸ்திரம் பிழைத்தது.

அதன் பிறகு வழி சுலபமாக இருந்தது. இரண்டு இரண்டாகத் தின்றால் எத்தனை தின்றாலும் ஒற்றைப்படை ஒற்றைப்படையாகவே நிற்கும். ஒன்றோடு நிறுத்துவதுதான் பாவம். எத்தனையோ பேர் எத்தனையோ காரணம் சொல்லித் தின்றிருப்பார்கள். நாத்தனாரின் தாலி பாக்கியத்தை உத்தேசித்து இரண்டாவது அதிரசத்தைத் தின்றவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இனிப்பு திகட்டினால் நடுவில் முறுக்கு, அதுவும் ஜோடியாக. லட்டை நான் தொடவில்லை. எனக்கு லட்டு பிடிக்காது. ஆனாலும் அந்த ஐந்து நாளும் 'லட்டைத் தொடவில்லையே' என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் காலை மாஷி என் அறையைப் பெருக்க வந்தாள். மாஷி என்றால் சித்தி; எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்து, பெருக்கித் துடைக்கிறவள். தெற்கே இருந்து லோக்கல் ரயிலில் வருவாள். பதினொரு வருஷமாக எங்கள் வீட்டில் வேலை. என்னைவிட ஏழு வருஷம் சீனியர். என்னை பௌமா என்பாள், மருமகளே என்கிற மாதிரி. கட்டிலுக்கடியில் துடைப்பத்தை விட்டவள், முறுக்குத் தூளும் எண்ணெய்க் காகிதமுமாக ஒரு சின்னக் குவியலை வெளியே இழுத்துப் போட்டாள். குவியலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். காலண்டர் தொங்குகிற சமையலறைப் பக்கமும் ஒரு பார்வை பார்த்தாள். பதினொரு வருஷமாகப் பெருக்குகிறவளுக்கு எந்த வீட்டுப் புள்ளியும் தெரியும்.

அப்புறம் சிரித்துக்கொண்டே, "எனக்கும் வயசுல இப்படித்தான் பௌமா. மாசத்துக்கு ஒரு தடவை உள்ளே ஒரு ராட்சசி வந்து உக்காருவா. சோறு போட்டாத்தான் போவா" என்றாள்.

இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை. நான் அவளைக் கட்டிக்கொண்டிருக்கலாம். ஆனால் நான் செய்தது வேறு. பயந்துபோய் டின்னைத் திறந்து, இரண்டு அதிரசத்தைக் காகிதத்தில் சுற்றி அவள் கையில் திணித்தேன். வீட்டுக்கு எடுத்துப் போ, யாரிடமும் சொல்லாதே என்றேன். அன்பாகக் கொடுத்ததாகத்தான் அப்போது நினைத்தேன். கையில் திணித்துவிட்டு, வாயை மூடு என்று சொல்வதற்கு வேறு பெயர் உண்டு என்று பிறகுதான் உறைத்தது. அப்போதும் இரண்டாகத்தான் கொடுத்தேன் பாருங்கள்.

நான் ஒன்றை மறந்திருந்தேன். மறுநாள் புள்ளி. நான் ஆத்தில் இல்லாமல் போனால் என் அறையும் தீட்டு. என் கட்டிலுக்கடியில் சீர் பட்சணம் இருக்க முடியுமா? மாமியார் மறக்கவில்லை. அன்று பத்து மணிக்கே என் கணவரைக் கூப்பிட்டு டின்களை ஹாலுக்கு எடுத்துவரச் சொன்னார். சனிக்கிழமை, எல்லோரும் வீட்டில். இடம் மாற்றும்போது ஒரு தடவை எண்ணிவிடலாம் என்று புதுத் துணியை விரித்து உட்கார்ந்தார்.

அதிரசம் எழுபத்தொன்பது. முறுக்கு எண்பத்தேழு.

மாமியார் இரண்டாம் தடவை எண்ணினார். எழுபத்தொன்பது மாறவில்லை. லேக் மார்க்கெட் மாமிக்குப் போன் போனது. நூற்றியொன்று எண்ணி வைத்தேன், மேலே இரண்டு முறுக்கு உடைசலும் போட்டேன் என்று அந்த மாமி கோபித்துக்கொண்டார். மாமியார் போனை வைத்தார். பிறகு யாரையும் பார்க்காமல், "நான் யாரையும் ஒண்ணும் சொல்லலே. ஆனா கட்டிலுக்கடியிலே குனியறவா இந்த ஆத்துல ஒருத்தர்தான்" என்றார்.

நாத்தனார் துணியின் மேல் இருந்த குவியல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வேலையே எங்கே தப்பு என்று கண்டுபிடிப்பது. "அம்மா, ரெண்டுமே ஆட் நம்பரா நிக்கறதே. திருடறவா இவ்வளவு சாஸ்திரம் பார்ப்பாளா?" என்றாள். சொல்லிவிட்டு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். எதிர்வீட்டு மாடியில் யாரோ கம்பளியை உலர்த்திக்கொண்டிருந்தார்கள். அந்த மாதிரி ஒரு கம்பளியை நான் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

மாஷி வேலையை முடித்து, கை துடைத்து, தோளில் பையை மாட்டிக்கொண்டு வந்தாள். அடுத்து இரண்டு வீடு பாக்கி இருந்தது அவளுக்கு. மாமியார் வங்காளியில், மிக மிருதுவாக, பையை ஒரு தடவை காட்டிவிட்டுப் போ, மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதே என்றார். கல்யாண வீடு, நாலு பேர் வந்து போகிற சமயம் என்றார். மாஷி ஒரு நிமிஷம் நின்றாள். அப்புறம் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். மடக்குக் குடை. சீப்பு. ரயில் சீசன் டிக்கெட் வைத்த பிளாஸ்டிக் உறை. ஒரு டிபன் டப்பா. கடைசியில், எண்ணெய் ஊறிய காகிதப் பொட்டலம்.

மாமியார் பொட்டலத்தைப் பிரித்தார். ஈச்சவெல்ல வாசனை ஹால் முழுக்கப் பரவியது.

மாஷி என் பக்கம் திரும்பவே இல்லை. அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் மாட்டிக்கொள்வேன். அவள் சொல்லவில்லை. சொல்லாதே என்று நான்தானே சொல்லியிருந்தேன். இந்தப் பேச்சு மாடிப்படி இறங்கினால் அடுத்த இரண்டு வீட்டிலும் அவளுக்கு நாளைக்கு வேலை இருக்காது. பவானிபூரில் இந்த மாதிரிச் செய்தி மெட்ரோவைவிட வேகமாகப் போகும். அவள் தலையைக் குனிந்துகொண்டு குடையை மடித்து மடித்துச் சரிசெய்துகொண்டிருந்தாள். முன்பே ஒழுங்காக மடித்திருந்த குடை அது.

"அம்மா, அது நான் குடுத்தது" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "அவளுக்கு நான்தான் குடுத்தேன். மத்ததும் நான்தான் தின்னேன். அத்தனையும்."

இந்த இடத்தில் என்ன நடக்கும் என்று நான் ஐந்து நாளாகப் பயந்துகொண்டிருந்தேனோ, அது நடக்கவில்லை. மாமியார் முகம் மலர்ந்தது.

"அசடே, இதை முன்னாடியே சொல்லப்படாதா?" என்று எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "சில பேருக்கு நாள் தள்றதுக்கு முன்னாடியே வாய் கேக்க ஆரம்பிச்சுடும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதிரசம்தானே, போனாப் போறது."

இருபத்திரண்டு அதிரசமும் பதினாலு முறுக்கும் ஒரு நொடியில் மன்னிக்கப்பட்டுவிட்டன. என் கணவர்கூட முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். மயிலாப்பூருக்குப் போன் போட மாமியாரின் கண் டெலிபோன் பக்கம் போயிற்று. பேசாமல் இருந்துவிடலாம் என்று எனக்கும் தோன்றியது. மாஷி தப்பித்துவிட்டாள், நான் தப்பித்துவிட்டேன், வீடு சந்தோஷமாக இருக்கிறது. எல்லாம் ஒரே ஒரு நாளைக்கு. மறுநாள் காலை நான் பாயை எடுத்துக்கொண்டு ஓரத்துக்குப் போகும்போது, இந்தக் கதையில் மறுபடி யார் திருடியாவாள்?

"இல்லேம்மா. இது அது இல்லே. நாளைக்கு நான் ஆத்துல இருக்க மாட்டேன். மாசா மாசம் அதுக்கு முன்னாடி அஞ்சு நாள் எனக்குப் பசி தாங்காது. நாலு வருஷமா இப்படித்தான்."

நாத்தனார் உள்ளே புகுந்து, இது எல்லோருக்கும் வருவதுதான், இதற்கு பி.எம்.எஸ். என்று பெயரே இருக்கிறது என்றாள். அது ஏதோ அரசாங்க ஆபீஸ் என்கிற மாதிரி என் கணவர் தலையை ஆட்டினார். மாமியார் என் கையை விட்டுவிட்டார். விட்ட கையால் புடவையைச் சரிசெய்துகொண்டார். ஒரு நிமிஷத்துக்கு முன் மசக்கையாக இருந்தது, அதே வயிறு, அதே அதிரசம், இப்போது திருட்டு ஆகிவிட்டது.

"பசிச்சா கேட்டுச் சாப்பிடறதுக்கென்ன? இந்த ஆத்துல உனக்கு யாரு சோறு போடலே?"

"கேட்டா நீங்க ஊறுகா ஜாடியை எடுத்துண்டு வரேள். அப்புறம் மூணாம் நாள் உங்க மூஞ்சியை நான் எப்படிப் பாக்கறது?"

மாமியார் மாஷியின் பக்கம் திரும்பினார்.  டீ குடிக்கிறாயா என்று வங்காளியில் கேட்டார். எங்கள் வீட்டில் மன்னிப்புக் கேட்பது என்றால் அதுதான் உச்சம். அதற்கு மேல் இதுவரை யாரும் போனதில்லை.

மாஷி பையில் ஒன்றும் திருப்பி வைக்கவில்லை. குடை, சீப்பு, டப்பா எல்லாம் தரையில் பரப்பியபடியே கிடந்தன. அவள் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "குடிக்கிறேன் மா. என் பையைத் தொறந்து பாத்தாச்சு. இப்ப உங்க மத்த டின்னையும் தொறங்க. லட்டை எண்ணுங்க, கரண்டியை எண்ணுங்க, வெள்ளிக் கிண்ணத்தை எண்ணுங்க. என் கண்ணு முன்னால எல்லாத்தையும் எண்ணி முடிங்க. நாளைக்கு ஒரு ஸ்பூன் காணோம்னு யாரும் சொல்லக் கூடாது பாருங்க."

மோடா என்கிற பிரம்பு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நான் டீ போட்டுக் கொடுத்தேன். என் மாமியார் முழங்கால் வலியோடு தரையில் உட்கார்ந்து எண்ணினார். தேங்குழல் நூற்றியொன்று. மைசூர்பாகு நூற்றியொன்று. மாஷி ஒவ்வொரு டின்னுக்கும் ஒரு மடக்குக் குடித்தாள். லட்டு நூறு.

திரும்ப எண்ணினார்கள். நூறு. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் லட்டு தின்ன மாட்டேன் என்பது எங்கள் வீட்டில் ஊரறிந்த விஷயம்.  என் கணவர் பேப்பரைப் பிரித்து, முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

"நேத்து ஆபீஸ்லேர்ந்து வந்தப்போ பசிச்சுது" என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

மாமியார் ஒரு விநாடி பேப்பரைப் பார்த்தார். "கொழந்தைக்குப் பசிச்சிருக்கு, அதுக்கென்ன" என்றார். விசாரணை அத்தோடு முடிந்தது. முப்பத்தெட்டு வயசுக் குழந்தை. எந்தத் தேதி, எத்தனை நாளாக, கேட்டுச் சாப்பிட்டால் என்ன, ஒரு கேள்வி கிடையாது. நூறு என்று இரட்டைப்படையில் நிறுத்திய ஒரே ஆள் அவர்தான் என்பதைக்கூட யாரும் எடுத்துச் சொல்லவில்லை. மாஷி மட்டும் டீக் கோப்பைக்குள் பார்த்துச் சிரித்தாள். நாத்தனார் வாயை மூடிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

சாந்த்ராகாச்சிக்கு எல்லாமே ஐம்பத்தொன்றாகப் போயிற்று. அவர்கள் எண்ணிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று போன் செய்தார்கள். கல்யாணத்தன்று நான் ஆத்தில் இருந்தேன், எல்லாம் குறித்தபடி. மிச்சப் பட்சணம் வீட்டிலேயே இருந்தது. மறுமாதம் நான் அதை ஹாலில், எல்லோர் முன்னாலும், தட்டில் போட்டுக்கொண்டு சாப்பிட்டேன். மாமியார் என் முகத்தைப் பார்க்கவில்லை. காலண்டரைப் பார்த்தார், எண்ணினார், ரசத்துக்குப் புளி கரைக்கப் போனார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

மாஷிக்குப் போதவில்லை. திங்கட்கிழமை வேலைக்கு வந்தாள், எப்போதும் போலப் பெருக்கினாள், தேய்த்தாள். கிளம்பும்போது நேராக மாமியார் முன்னால் போய் நின்று, பையின் வாயை அகலமாக விரித்துப் பிடித்தாள். மாமியார் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். மாஷி அசையவில்லை. மாமியார் குனிந்து உள்ளே பார்த்த பிறகுதான் போனாள். மறுநாளும் அப்படி. கல்யாணத்துக்கு முதல் நாள், கூடம் நிறைய உறவினர் உட்கார்ந்திருக்கும்போதும் அப்படி. யாரோ ஒரு மாமி, இது என்ன இந்த ஊர் வழக்கமா என்று கேட்டார். மாமியார் காது கேட்காதவர் போல இருந்தார். வாசல் பக்கம் மாஷி வரும் சத்தம் கேட்டால் குளியலறைக்குள் புகுந்துகொள்ள ஆரம்பித்தார். மாஷி வெளியே காத்திருந்தாள். அடுத்த வீட்டுக்கு நேரமானால் ஆகட்டும் என்று.

பத்தொன்பது நாள் இது நடந்தது. இருபதாம் நாள் பையை மாட்டிக்கொண்டு நேராகப் படி இறங்கிவிட்டாள். நான் பின்னாலேயே ஓடி, என்ன, இன்றைக்குக் காட்டவில்லையா, கோபம் தீர்ந்துவிட்டதா என்று கேட்டேன்.

"கோபம் எங்கே போவும் பௌமா, அது கெடக்கு" என்றாள். "நேத்து அவங்க குனிஞ்சு பாக்கறப்போ கண்ணை மூடிக்கிட்டாங்க. மூடின கண்ணுக்கு நான் எதைக் காட்ட?"

பிறகு, பாத்திரம் தேய்க்கிற சோப்பு தீர்ந்துவிட்டது, நாளைக்கு மறக்காமல் வாங்கி வை என்று சொல்லிவிட்டு, அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.